கோட்டில் உட்காராத இரத்தம்

செவ்வாய்க்கிழமை காலை பஸ் டிரைவரின் மனைவிக்கு உடம்பு பூரணமாகக் குணமாகிவிட்டது. மருந்துக் கணிப்பு மையம் அப்படித்தான் சொன்னது. அந்தச் சமயத்தில் அவள் மையத்தின் நடைக்கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, கழிப்பறைக் கதவு ஒன்றா இரண்டா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுதாம்மா," என்றார் டிரைவர்.

"அப்போ பக்கத்துல இருக்கிறது?"

"அதுவும் அதே கதவுதான்."

அவள் நம்பவில்லை. டிரைவர் அவள் தோளைப் பிடித்துச் சரியான கதவின் வழியாக உள்ளே அனுப்பிவிட்டு வெளியே காவல் நின்றார்.

டிரைவர் லேசில் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. தினமும் முன்பின் தெரியாத ஜனங்கள் அவரை நம்பி வண்டியில் ஏறுகிறார்கள், உட்கார்ந்த உடனே தூங்கியும் போகிறார்கள். அதே மாதிரிதான் அவரும் டாக்டர்களை நம்பிக்கொண்டிருந்தார். மையத்துக்கு வர ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அவரை விட்டுப் போனது. இப்போதெல்லாம் இந்தக் கட்டடத்தில் தண்ணீர் பிடித்தால்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார்.

அவருடைய மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. ஒரு வெள்ளை மாத்திரை சாப்பிட்டு வந்தாள். கசப்பு மாத்திரை, மலிவு விலை, பெரிய பேர் எதுவும் கிடையாது. ஆனால் அதைச் சாப்பிடும்வரை வலிப்பு எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும். அந்தத் தைரியத்தில் அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை பார்த்தாள். எந்த வண்டி எந்தத் தடத்தில் வருகிறது, எது தாமதம், யாருடைய குடை எங்கே கிடைத்தது என்பதையெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்லும் குரல் அவளுடையது. டிரைவரின் வண்டி தாமதமானால் மட்டும் "வழக்கம்போல்" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்வாள். நிலையமே சிரிக்கும். டிரைவர் முறைப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்புவார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் சில நாள் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டியது போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரியாது.

வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் ஓய்வு பெற்றார். ஆஸ்பத்திரியின் நரம்புப் பிரிவை மையம் எடுத்துக்கொண்டது. இனிமேல் வலிப்புக்காரர்கள் எல்லோரும் மாடிக்குப் போக வேண்டும், அங்கே ஒரு புது மாத்திரை கிடைக்கும், மையம் விடுவிக்காத நோயாளிக்கு வேறு எந்த டாக்டரும் வேறு எந்த மாத்திரையும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மாடியில் கட்டில் கிடையாது. குளிரூட்டிய அறையில் வரிசையாகக் கணினித் திரைகள். அங்கே இருந்த டாக்டரை நோயாளிகள் தங்களுக்குள் 'கோடு டாக்டர்' என்று சொல்வார்கள். அவர் நோயாளியைத் தொடுகிற டாக்டர் இல்லை, கணக்குப் போடுகிற டாக்டர். முதல் நாள் டிரைவரின் மனைவி அவர் முன்னால் லேசாகத் தள்ளாடியபோது சட்டென்று எழுந்து, விசைப்பலகையைத் தூக்கிப் பத்திரமான இடத்தில் வைத்தார்.

"எடை?" என்று கேட்டார். டிரைவர் சொன்னார். கோடு டாக்டருக்கு அது பிடிக்கவில்லை.

"ரொம்பக் குறைச்சலா இருக்கே. கணக்கு தாங்காது. நிலையான மனிதரோட எடையைப் போட்டுக்கறேன்."

"அது யாருங்க?"

"யாரும் இல்ல. எல்லாரோட சராசரி. நல்ல ஆரோக்கியமான இளைஞர். சரி, இவங்க கல்லீரல் என்ன வேகத்துல வேலை செய்யுது?"

டிரைவர் மனைவியைப் பார்த்தார். மனைவி டிரைவரைப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தப் பேச்சு அவர்களுக்குள் வந்ததே இல்லை.

"தெரியலீங்களே."

"பரவாயில்ல, அதுக்கும் அவரோடதையே போட்டுடலாம்."

இப்படியாக முன்பின் பார்த்திராத ஓர் இளைஞனின் எடையும் கல்லீரலும் டிரைவரின் மனைவிக்கு வந்து சேர்ந்தன. கோடு டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு பொம்மை உருவமும், பக்கத்தில் ஒரு குன்று மாதிரி வளைந்த கோடும் தோன்றின.

"இதுதான் இவங்களோட கணித மாதிரி. காலையில மாத்திரை உள்ள போகுது, இரத்தத்துல மருந்து ஏறுது பாருங்க. மத்தியானம் உச்சி. அப்புறம் இறங்குது, இறங்குது, மறுநாள் காலையில தரைக்கு வந்துடுது. ஒரு சொட்டு மருந்து மிச்சம் இருக்காது. வேலையை முடிச்சுட்டுத் தானாவே கிளம்பிப் போயிடற மருந்துங்க இது! இந்த மாதிரி ஒண்ணு உலகத்துல கிடையாது."

திரையில் இருக்கும் பொம்மைக்கு மையத்தில் 'உள்நோயாளி' என்று பெயர். இரத்தமும் சதையுமாக வந்து போகிறவர்கள் வெளிநோயாளிகள். தினமும் காலையில் இயக்குநர் பரிவாரத்துடன் வந்து திரைத் திரையாக நின்று, "எப்படி இருக்காங்க?" என்று கேட்பார். "நல்லா இருக்காங்க சார்" என்று பதில் வரும். இயக்குநர் திரையைப் பார்த்துக் கனிவாகத் தலையசைப்பார். வெளிநோயாளிகள் அந்த நேரத்தில் நடைக்கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களுடைய இருமல் உள்நோயாளிகளுக்கு ஆகாது என்று கதவைச் சாத்திவிடுவார்கள்.

புது மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்த சில நாளிலேயே மனைவியின் கண்மணிகள் இடமும் வலமும் ஆட ஆரம்பித்தன. நடந்தால் படகில் நடப்பதுபோல் இருந்தது. பேச்சு குழறியது. சாப்பிட உட்கார்ந்தால் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகும் வழியில் அப்படியே தூங்கிப்போனாள். டிரைவர் பயந்துபோய்க் கோடு டாக்டரிடம் ஓடினார்.

"டாக்டர், அவளுக்கு ரொம்ப முடியலீங்க."

கோடு டாக்டர் திரையைப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்காங்க."

"யாருங்க?"

"உங்க மனைவி."

"அவ வெளிய நாற்காலியில சாஞ்சு கிடக்கறாங்க டாக்டர். எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்கறா."

"அது வெளிநோயாளி. நான் சொல்றது இவங்களை." திரையின் மேல் அன்பாக விரலை வைத்தார். "பாருங்க, மயக்கம் இல்ல, நடுக்கம் இல்ல. இவங்களுக்கும் அதே மாத்திரைதான், அதே வேளைதான். இவங்களுக்கு ஒத்துக்கிட்டது அவங்களுக்கு மட்டும் ஏன் ஒத்துக்கலை? அதைத்தான் நீங்க யோசிக்கணும்."

டிரைவர் யோசித்துப் பார்த்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் கோடு டாக்டர் தன்னை ஏதோ ஒரு தினுசாகப் பார்க்கிறார் என்பது மட்டும் புரிந்தது. வண்டியில் டிக்கெட் எடுக்காதவனைப் பரிசோதகர் பார்க்கிற பார்வை அது.

சந்தேகம் சரிதான். மறுநாளே மையத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். 'ஒத்துழைப்பு ஆய்வாளர்கள்' என்று சொல்லிக்கொண்டார்கள். அடுப்படியில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார்கள். படுக்கையை உதறினார்கள். ஒருவர் மனைவியின் முகத்துக்கு நேரே குனிந்து, "நீங்க நிஜமாவே மயக்கமாத்தான் இருக்கீங்களா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் தூங்கிப்போனாள். "பதில் சொல்ல மறுக்கறாங்க" என்று அவர் மற்றவரிடம் சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போடறது உண்டா?" என்று மற்றவர் டிரைவரைக் கேட்டார்.

"புருஷன் பெண்டாட்டின்னா இருக்காதாங்க?"

"சண்டை போட்டா கல்லீரல் மெதுவாயிடுமோ என்னவோ. இனிமே போடாதீங்க. கோடு கெட்டுடும்."

அவர்கள் போன பிறகு டிரைவர் உதறிய படுக்கையைத் திரும்ப விரித்து மனைவியைப் படுக்க வைத்தார். அவருக்கு அழுகை வந்தது. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று கை துறுதுறுத்தது. ஆனால் வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விடாமல் வலிப்பு வந்து ஆளையே கொண்டுபோய்விடும் என்று பழைய டாக்டர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். தொடர்ந்து கொடுத்தாலோ மனைவி இருந்தும் இல்லாத மாதிரி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவர் மறுநாள் காலையிலும் மாத்திரையை நீட்டினார். அவள் குழந்தை மாதிரி வாயைத் திறந்தாள். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஆய்வாளர்களுக்குக் குற்றம் எதுவும் கிடைக்காததால் மையம் இரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது. காலையில் மாத்திரை போடுவதற்கு முன் இரத்தம் எடுப்பார்கள். கோட்டின்படி அந்த நேரத்தில் இரத்தத்தில் மருந்தே இருக்கக் கூடாது. எடுத்துப் பார்த்தால் மனைவியின் இரத்தத்தில் மருந்து தளும்பிக்கொண்டிருந்தது. திரையில் அவளுடைய புள்ளி கோட்டுக்கு வெகு உயரத்தில், கூரையில் ஒட்டிய பல்லி மாதிரி நின்றது.

"மருந்து வெளியே போகவே இல்லீங்களே டாக்டர்! இவளுக்கு அதிகமாகுது. குறைக்க வேண்டாமா?" என்றார் டிரைவர்.

"அவசரப்படாதீங்க. இரத்தம் தப்பா இருக்கலாம்," என்றார் கோடு டாக்டர்.

மையத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. புள்ளி கோட்டில் உட்காரும்வரை இரத்தம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். உட்காராத புள்ளிகள் 'பிழை' என்று அழிக்கப்படும். உட்கார்ந்த புள்ளி மட்டும் ஏட்டில் ஏறும். அதுவரை வெளிநோயாளி வீட்டுக்குப் போக முடியாது.

இரத்தம் எடுக்கிற நர்ஸ் நல்ல மாதிரி. ஆனால் வேலை அப்படி. இடது கையில் எடுத்தாள், சிவப்பு விளக்கு எரிந்தது. வலது கையில் எடுத்தாள், சிவப்பு விளக்கு. புறங்கையில் எடுத்தாள். மனைவியின் கை கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. அடுத்த ஊசியைப் பார்த்ததும் அவள் கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "ஏங்க, வீட்டுக்குப் போலாங்க," என்றாள். குழறலான பேச்சில் அது ஒன்றுதான் தெளிவாக வந்தது.

டிரைவரால் தாங்க முடியவில்லை. நடைக்கூடத்தில் அந்த நேரம் யாரும் இல்லை. சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார்.

"என் கையில எடும்மா."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஊசியை மட்டும் மாற்றினாள்.

அந்த மாத்திரையை டிரைவர் ஜன்மத்தில் தொட்டு நாக்கில் வைத்ததில்லை. அவருடைய இரத்தத்தில் மருந்து எப்படி இருக்கும்? ஒரு சொட்டு இல்லை. புள்ளி நேராகப் போய்க் கோட்டின் மேல் உட்கார்ந்தது. பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே கைதட்டுகிற சத்தம் கேட்டது. கோடு டாக்டர் அறையை விட்டு ஓடி வந்து, முதன்முறையாக மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அது ஊசி குத்திய கை. அவள் "ஐயோ" என்றாள்.

"சந்தோஷத்துல அழறாங்க," என்றார் கோடு டாக்டர். "நான் சொன்னேன் இல்ல? மருந்து சுத்தமா வெளியேறிடுச்சு. இன்னியோட இவங்க பூரண குணம்!"

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் இது. கழிப்பறைக் கதவு இரண்டாகத் தெரிந்த அதே காலை.

டிரைவர் ஒரு நாள் நிம்மதியாக மூச்சுவிட்டார். புதன்கிழமை மாத்திரை வாங்கப் போனால் கையில் இரண்டு மடங்கு கொடுத்தார்கள்.

"எதுக்குங்க இவ்வளவு?"

"மருந்து அவ்வளவு சீக்கிரமா வெளியே போயிடுதே! தாங்கற உடம்புன்னு தெரிஞ்சுபோச்சு. கணக்கு கூட்டிக் கொடுக்கச் சொல்லுது."

டிரைவர் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார். அவளுக்கு ஒரு ஊசி குறையட்டும் என்று நீட்டிய கை, அவள் தலையிலேயே இரண்டு மடங்கு விஷத்தைக் கொட்டிவிட்டது. உண்மையைச் சொன்னால் ஏமாற்றுக்காரன் என்று பிடித்துக் கொடுப்பார்கள். சொல்லாவிட்டால் அவள் பிழைக்க மாட்டாள். பாதி மாத்திரையைத் திருட்டுத்தனமாகத் தூக்கி எறியலாமா என்று நினைத்தார். ஆனால் நேரத்துக்கு வீட்டுக்கே வந்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போக ஒத்துழைப்பு ஆய்வாளர் ஒருவரை இப்போது நியமித்திருந்தார்கள். குணமானவர்களை மையம் அப்படி எளிதில் கைவிடுவதில்லை.

அந்த வாரம் அவள் பிடிவாதமாக வேலைக்குப் போனாள். ஒன்றாம் தடத்துக்கு வரும் வண்டியை இல்லாத தடத்துக்கு வரச் சொன்னாள். நேற்றுப் போன வண்டி இப்போது வருகிறது என்றாள். கடைசியில் ஒலிபெருக்கியை அணைக்காமலே மேஜையில் தலையை வைத்துத் தூங்கிப்போனாள். நிலையம் முழுக்க அவளுடைய குறட்டை கேட்டது. ஜனங்கள் சிரித்தார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்த டிரைவர் அதைக் கேட்டு ஸ்டியரிங்கில் கையை ஊன்றிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் வந்த வண்டிகள் ஒலி எழுப்பியது அவர் காதில் விழவே இல்லை. சாயங்காலம் நிலைய மேலாளர் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வீட்டுல இருக்கட்டும். மைக்கை வேற ஆள்கிட்ட கொடுத்தாச்சு," என்றார்.

அன்றைக்கே டிரைவர் முடிவு செய்துவிட்டார். பிடித்துக் கொடுத்தால் கொடுக்கட்டும்.

அடுத்த வாரம் மருந்து அனுமதிக் குழு மையத்துக்கு வந்தது. இந்தக் குழு தலையசைத்தால் மாத்திரை கடைக்கு வந்துவிடும். சபை நிறைய ஆள். வெளிநோயாளிகளையும் துணைக்கு வந்தவர்களையும் பின்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். நோயாளிகள் பாதிப் பேர் தோளில் சாய்ந்து தூங்கினார்கள். அவர்களுடைய மன அமைதிக்கு அது சான்று என்று கோடு டாக்டர் குழுவினருக்கு விளக்கினார்.

இயக்குநர் பேச எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெரியோர்களே, ஒரு காலத்தில் ஒரு மருந்து கெடுதல் செய்கிறது என்று தெரிந்துகொள்ள வருஷக்கணக்கில் காத்திருந்தோம். எவ்வளவு செலவு, எவ்வளவு மனவேதனை! கணித மாதிரி வந்தபிறகு அந்தத் தகவல் எங்களை வந்து அடைவதே இல்லை."

கைதட்டல்.

"மனித உடம்பை நான் குறை சொல்ல வரவில்லை. அதுவும் தன்னால் முடிந்ததைச் செய்கிறது. ஆனால் சமன்பாட்டைப் படித்துப் பார்க்காமலே மருந்தைச் செரிக்கக் கிளம்பிவிடுகிறது. அங்கேதான் தவறு நேர்கிறது. அந்தத் தவறுகளை நாங்கள் உடனுக்குடன் அழித்துவிடுகிறோம். எங்கள் மையத்தில் இதுவரை ஒரு நோயாளிகூட இறந்ததில்லை. ஏனென்றால் இறந்தவர்களை நாங்கள் நோயாளிகளாகக் கருதுவதில்லை."

மறுபடியும் கைதட்டல். குழுத் தலைவர் கண்ணைத் திறந்து, "கேள்வி ஏதாவது உண்டா?" என்று பொதுவாகக் கேட்டார். உண்டு என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகக் கேட்கிற கேள்வி அது.

டிரைவர் எழுந்தார்.

"ஐயா, என் மனைவியோட புள்ளி கோட்டுல உட்கார்ந்துச்சுன்னு சொல்றீங்களே, அது அவ இரத்தம் இல்லீங்க. என் இரத்தம். அவ கையில இனிமே குத்த இடமில்லன்னு நான்தான் கையை நீட்டினேன். நான் அந்த மாத்திரையைச் சாப்பிட்டதே இல்ல. தப்பு என்னுது, என்னை என்ன வேணா பண்ணுங்க. அவளுக்கு மட்டும் அதை நிறுத்திட்டுப் பழைய மாத்திரையை எழுதிக் கொடுத்துடுங்க."

இயக்குநரின் முகம் வெளுத்தது. கோடு டாக்டர் தன் மடிக்கணினியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அப்போது பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா எழுந்தாள். துணி தேய்க்கிற கடை வைத்திருப்பவள், தம்பியைக் கூட்டிக்கொண்டு வருகிறவள்.

"நானும்தாங்க. தம்பி கையை வெச்சுக்கிட்டு அழுதான். என் கையில எடுத்துக்கச் சொன்னேன்."

பின்னாலிருந்து ஒரு கிழவர், "எங்க வீட்டுக்காரிக்குப் பதிலா நான்," என்றார். மகளுக்காக ஓர் அம்மா எழுந்தாள். அப்பாவுக்காக ஒரு மகன் எழுந்தான். பின்வரிசையில் விழித்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் தூங்குகிறவர்கள் மட்டும்தான். கதவோரம் நின்ற நர்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவருக்கு அப்போதுதான் உறைத்தது. கோட்டில் உட்கார்ந்த அத்தனை புள்ளியும் மாத்திரை சாப்பிடாதவர்களின் இரத்தம். இத்தனை நாளாக மையம் கொண்டாடிக்கொண்டிருந்தது, தங்கள் மனிதர்கள் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் கையை நீட்டியவர்களை. கூட்டத்தில் தான் தனி ஆள் இல்லை என்று தெரிந்ததும் அவருக்கு நெஞ்சு விம்மியது. இனிமேல் தப்ப முடியாது, மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தார்.

கோடு டாக்டர்தான் முதலில் சுதாரித்தார். அவருடைய கண்ணில் மெதுவாக ஓர் ஒளி வந்தது.

"அப்படின்னா கோடு சரிதான் சார்," என்றார். "ஒரு புள்ளிகூடத் தப்பல. ஆளைத்தான் மாத்தி எழுதியிருக்கோம்."

இயக்குநருக்கு உயிர் வந்தது. "பார்த்தீர்களா! இதுதான் விஞ்ஞானம்! பிழை கோட்டில் இல்லை, பெயரில் இருக்கிறது. பெயரைத் திருத்துவது ஐந்து நிமிஷ வேலை."

குழுத் தலைவர் கேட்டார், "இந்த இரத்தங்களில் ஏதாவது கெடுதலுக்கான அறிகுறி?"

"எதிலும் இல்லை ஐயா. எல்லோரும் எழுந்து தெளிவாகப் பேசியதைத் தாங்களே பார்த்தீர்கள். மயக்கம் உண்டா? குழறல் உண்டா?"

"இல்லைதான்," என்று குழுத் தலைவர் ஒப்புக்கொண்டார்.

திருத்தம் அங்கேயே நடந்தது. துணைக்கு வந்தவர்கள் நோயாளிகள் ஆனார்கள். நோயாளிகள் துணைக்கு வந்தவர்கள் ஆனார்கள். டிரைவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இது என்ன அக்கிரமம் என்று கத்தப் போனவரை நர்ஸ் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அண்ணே, பேசாம ஒத்துக்கோங்க. துணைக்கு வர்றவங்களுக்கு நாங்க மருந்து கொடுக்கறதில்ல. அவங்க எங்க நோயாளியே இல்லன்னு ஆயிடும். வேற ஆஸ்பத்திரியில பழைய மாத்திரையை எழுதுவாங்க. இந்த ஒரு வழிதான் இருக்கு."

"அப்போ இந்த மாத்திரை கடைக்குப் போயிடுமே?"

நர்ஸ், பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த அவர் மனைவியைப் பார்த்தாள். டிரைவரும் பார்த்தார். அவளுடைய தலை ஒரு பக்கமாகச் சரிந்து, வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. நிலையம் முழுக்கச் சிரிக்க வைத்த வாய் அது.

அவர் திருத்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அக்காவும் போட்டாள். எழுந்து நின்ற ஒருவர் பாக்கியில்லாமல் போட்டார்கள். டிரைவர் மனைவியைத் தூக்கி நிறுத்தி, தோளோடு அணைத்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தபோது அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. சிரிப்பைத்தான் அடக்க முடியவில்லை.

அடுத்த தெருவில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா, டிரைவர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுத் திட்டினாள். யாரைத் திட்டினாள் என்று தெரியவில்லை. புது மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாள். மனைவியின் கண்கள் ஓர் இடத்தில் நின்றன. கதவுகள் ஒற்றையாயின. நிலைய மேலாளர் மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். டிரைவரின் புள்ளி ஒவ்வொரு தடவையும் கோட்டிலேயே உட்கார்ந்ததால் வீட்டுக்கு ஆய்வாளரை அனுப்புவதை மையம் நிறுத்திவிட்டது. டிரைவர் தனக்கென்று மையம் கொடுத்தனுப்பிய மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, காலை தவறாமல் போய்த் தன் சுத்தமான இரத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். மையம் அவரை மிகவும் மெச்சிக்கொண்டது. அவருக்கும் மையத்தின் பேரில் இருந்த கோபம் மெல்லத் தணிந்துபோனது. அவள் பேசுகிறாள், நடக்கிறாள், அது போதும் என்று இருந்தார்.

மழைக்காலம் வந்தபோது வெள்ளை மாத்திரை தீர்ந்தது. இருவரும் மருந்துக் கடைக்குப் போனார்கள். கடையில் நல்ல கூட்டம். கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது இனிமே வராதும்மா. கம்பெனியிலயே நிறுத்திட்டாங்க. புதுசு வந்தப்புறம் இதை யாரு கேக்கறா? இப்பல்லாம் எல்லா டாக்டரும் அதைத்தான் எழுதறாங்க. பக்க விளைவே கிடையாதாம், அத்தனை பேரும் கோட்டுலயே இருந்தாங்களாம்." ஒரு பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தவர், பெட்டியையும் டிரைவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அட, சார்! இது நீங்கதானே?"

பெட்டியின் மேல் டிரைவரின் படம் இருந்தது. கையெழுத்துப் போட்ட அன்று வாசலில் யாரோ ஒருவன் படம் எடுத்தது அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. படத்தில் அவர் மட்டும் இருந்தார். அவர் அணைத்துக்கொண்டிருந்த ஆளை வெட்டியிருந்தார்கள்.

கூட்டம் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது. மகளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி ஆவலாகக் கேட்டாள்.

"அண்ணே, இந்த மாத்திரை உங்களுக்கு நல்லா கேட்டுச்சா? எம் பொண்ணுக்கு எழுதியிருக்காங்க."

டிரைவர் குனிந்து பார்த்தார். அந்தப் பெண்குழந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "வாங்காதீங்கம்மா," என்றார். "நான் இதை ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்ல. அங்க யாருமே சாப்பிடல. சாப்பிட்டவங்களைக் கணக்குல இருந்தே எடுத்துட்டாங்க."

"என்னங்க இது, பெட்டி மேல படத்துக்கு நின்னுட்டு!"

"பொய் சொல்றாருங்க. தனக்குக் குணமாயிடுச்சு இல்ல, அடுத்தவங்களுக்குக் கிடைக்கக் கூடாதுன்னு பார்க்கறாரு."

"இல்லன்னா மொத்தமா வாங்கிப் பதுக்கி வெச்சிருப்பாரு. இந்த மாதிரி ஆளுங்களை எனக்குத் தெரியும்."

டிரைவர் எல்லோர் முகத்தையும் பார்த்தார். ஒத்துழைப்பு ஆய்வாளர்கள் அன்று வீட்டில் பார்த்த அதே பார்வை. அவர் மனைவி அவரை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். அவளுடைய குரல் கடை முழுக்கக் கணீரென்று கேட்டது.

"சாப்பிட்டது நான். எனக்குத்தான் கண்ணு ஆடுச்சு, எனக்குத்தான் பேச்சு போச்சு. என்னைக் கேளுங்க."

கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலா பக்கமும் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னார்.

"இதுல உங்களைக் காணோமேம்மா."

மகளைப் பிடித்திருந்தவள் காசை நீட்டி இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு கிளம்பினாள். வரிசை நகர்ந்தது. வீட்டில் வெள்ளை மாத்திரை ஒன்றுகூட மிச்சமில்லை என்பது டிரைவருக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கடைக்காரர் பெட்டியை அவள் கையில் வைத்து, "காலையில ஒண்ணு," என்றார்.

அவள் அதைக் குனிந்து பார்த்தாள். பெட்டியின் மேல் அவளுடைய கணவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.